கல்யாணப் புடவைகள் என் வீட்டில் இருக்கின்றன, வெள்ளம் வந்தால் இன்சூரன்ஸ் உண்டா?

முத்துநகர் ஆரி:
தூத்துக்குடியில் வாடகை வீட்டின் முன்னறையில் ஆரி வேலையும் பிளவுஸ் தையலும் எடுத்துச் செய்கிறேன். மிஷின், ஆரி ஸ்டாண்டு, மணி, ஜரிகை எல்லாம் சேர்த்தாலும் பெரிய தொகை வராது. என் பயம் வேறு. தை முகூர்த்த வேலை மார்கழியிலேயே வந்து குவியும். ஃபால்ஸ் அடிக்க, குஞ்சம் கட்ட என்று கல்யாணப் பட்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கம் மழையும் அந்தச் சமயம்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அன்றைக்கு மாடி வீட்டு அக்கா கதவைத் திறந்து வைத்ததால்தான் புடவைகள் பிழைத்தன.

வீட்டுக்காரர் வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார். அதில் இதெல்லாம் வருமா? இல்லையென்றால் என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

நெல்லை அண்ணாச்சி:
வராதும்மா. பொது இன்சூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தவன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். 2021 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனியும் ஒரே விதிகளோடு விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா', குடியிருக்கும் வீட்டுக்கும் வீட்டுச் சாமானுக்கும்தான். கட்டடத்துக்குப் போட்ட இன்சூரன்ஸ் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், சாமானுக்குத் தானாகச் சேரும். ஆனால் அது எடுத்தவருடைய கட்டில், பீரோ, டிவிக்கு. உங்கள் தொழில் சரக்கு அதில் சேராது.

நீங்கள் கேட்க வேண்டியது 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா'. ஓரிடத்தில் 5 கோடி வரை சொத்து உள்ள தொழில்களுக்கானது. தீ, புயல், வெள்ளம் எல்லாம் அதிலேயே உண்டு. குடியிருக்கும் வீட்டில்தான் தொழில் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். சாதாரணத் திருட்டுக்கு பர்க்லரி பாலிசி தனி.

முக்கியமான விஷயம் இதுதான்: புடவை உங்களுடையது இல்லை. 'வாடிக்கையாளர் பொருள், என் பொறுப்பில் இருப்பது' என்று தனி வரியும் தனித் தொகையும் பாலிசியில் இருக்க வேண்டும். 'ஸ்டாக்' என்று மட்டும் எழுதி வாங்கினால் கிளெய்ம் நேரத்தில் உங்கள் மணியையும் ஜரிகையையும் மட்டும்தான் எண்ணுவார்கள்.

மதுரை கேக் வீடு:
அக்கா, நானும் வீட்டில்தான் கேக் செய்கிறேன். அண்ணாச்சி சொன்னது பொருளுக்கு. என் கேக் சாப்பிட்டு யாருக்காவது உடம்புக்கு வந்தால் அது உதவாது, புராடக்ட் லயபிலிட்டி தனியாகக் கேட்க வேண்டும். உதவிக்குப் பெண்கள் வருகிறார்கள் என்றால் அவர்களுக்கு ஊழியர் இழப்பீட்டுப் பாலிசியும் விசாரியுங்கள். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இலவசம், அதையும் போட்டு வையுங்கள்.

முத்துநகர் ஆரி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, தங்கச்சிக்கும் நன்றி. எவ்வளவுக்குப் போடுவது? ஆடியில் நாலு புடவை இருக்கும். மார்கழியில் பீரோ மூடாது. சிலர் பாட்டி காலத்துப் பட்டைக் கொண்டுவருவார்கள், அதற்கு பில் எங்கே போவது?

நெல்லை அண்ணாச்சி:
மார்கழிக் கணக்குக்கே போடுங்கள். 8 லட்சம் பெறுமான பொருள் வீட்டில் இருக்க, 4 லட்சத்துக்கு மட்டும் எடுத்திருந்தால், 2 லட்சம் நஷ்டத்துக்கு 1 லட்சம்தான் கைக்கு வரும். தொகையில் 15 சதவீதம் வரை குறைந்தால் இந்தப் பாலிசியில் பொறுத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் இப்படித்தான் வெட்டுவார்கள்.

பழைய பட்டுக்கு, வாங்கும்போதே உடைமைக்காரர் சொல்லும் மதிப்பைச் சீட்டில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். முந்தானையும் பார்டரும் தெரிய ஒரு போட்டோ. சீட்டு நனைந்துவிடும், அதையும் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் போனுக்கு அனுப்பிவிடுங்கள். நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை நனைந்த புடவையைத் திருப்பிக் கொடுக்கவோ தூக்கிப் போடவோ வேண்டாம்.

கிளெய்மில் இழுத்தடித்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியிடம் போகலாம். உங்களைப் போன்ற தனி நபர் தொழிலையும் எடுத்துக்கொள்வார்கள், கட்டணம் கிடையாது.

முத்துநகர் ஆரி:
சரி அண்ணாச்சி. அளவுச் சீட்டில் டெலிவரி தேதிக்குக் கீழே 'மதிப்பு' என்று ஒரு கட்டம் சேர்த்து அடிக்கக் கொடுத்துவிட்டேன். ஒரு தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்து வாங்கிய பட்டை நம்பி நம் கையில் தருகிறாள், அதற்குப் பதில் சொல்ல வழி இருந்தாக வேண்டும். ஐப்பசிக்கு முன்னால் பாலிசியை எடுத்துவிடுகிறேன். தூத்துக்குடியில் வாடிக்கையாளர் பொருள் வரியைச் சேர்த்து யாராவது எடுத்திருந்தால், எந்த வாசகம் எழுதினார்கள் என்று சொல்லுங்கள்.