ஆர்.சி. என் பேரில், பாலிசி வாத்தியார் பேரில்

வண்டி இன்சூரன்ஸில் பேர் விஷயத்தில் பட்டதை நாங்கள் நாலு பேர் ஒவ்வொருவராக எழுதுகிறோம். முதலில் நான். 2024 ஜனவரியில் எங்கள் தெருக்கோடி வாத்தியாரிடம் ஒரு ஆக்டிவா ஸ்கூட்டர் வாங்கினேன். 2020 அக்டோபர் வண்டி. பள்ளிக்கூடம், கோயில், காய்கறிக் கடை தவிர வேறெங்கும் போகாதது. ஓனர் பேரை மாற்றுவதற்கான 29, 30 இரண்டு ஃபாரத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் கூடவே வந்தார். ஒரு மாதத்துக்குள் ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று, என் பேருக்கு வந்துவிட்டது. இன்சூரன்ஸ் பேப்பரை மடித்துச் சீட்டுக்கு அடியில் வைத்து, "அக்டோபர் வரைக்கும் இருக்கு தம்பி, கவலைப்படாதே" என்றார். நானும் படவில்லை.

மே மாதம் ஒரு சாயங்காலம், கோடை மழைக்கு முன்னால் ஒரு காற்று அடித்தது. பக்கத்து வீட்டு முருங்கை முறிந்து வண்டிமேல் விழுந்தது. முருங்கைதானே என்று நினைக்காதீர்கள். அது சாய்ந்திருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் சேர்ந்து வந்தது. ஹெட்லைட், முன் பேனல், ஒரு கண்ணாடி எல்லாம் போய், ஹேண்டில்பாரும் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. மெக்கானிக் 9,400 ரூபாய் என்றார்.

க்ளெய்ம் போட ஃபோன் செய்தால் ஓ.டி.பி. கேட்டார்கள். அது வாத்தியார் ஃபோனுக்குப் போயிற்று. மழையில் ஓடிப்போய், அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து ஒவ்வொரு எண்ணாகப் படிக்கப் படிக்க நான் சொன்னேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாள் சேதத்தைப் பார்க்க வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் ஆர்.சி.யைப் பார்த்தார், பாலிசியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் க்ளெய்ம் இல்லை என்று கடிதம் வந்தது.

சண்டை போடத்தான் போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "பாலிசி போட்டவருக்கு இப்போ வண்டி இல்லை, அதனால் அவருக்கு நஷ்டமும் இல்லை. நஷ்டம் உங்களுக்கு. ஆனால் நீங்கள் எங்களிடம் பாலிசியே எடுக்கவில்லையே சார்?" பதில் சொல்லத் தெரியவில்லை.

பிறகுதான் விஷயத்தைத் தேடிப் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 157ஆவது பிரிவின்படி, வண்டி கை மாறினால் தேர்ட் பார்ட்டி காப்பீடு தானாகவே புது ஓனருக்கு வந்துவிடும். நான் யாரையாவது இடித்திருந்தால் அவருக்கு நஷ்டஈடு கிடைத்திருக்கும். என் வண்டிக்கு வரும் சேதம், அதாவது ஓன் டேமேஜ், அப்படித் தானாக வராது. 1996லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கை மாறிய 14 நாளுக்குள் நாமே எழுதிக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். நான் 14 நாள் இல்லை, நாலு மாதம் சும்மா இருந்திருக்கிறேன்.

இன்னொன்று படித்தபோது வயிற்றைக் கலக்கியது. பாலிசியில் ஓனர் - டிரைவருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கிறதே, அது பாலிசியில் பேர் உள்ள ஓனருக்குத்தான். அந்த நாலு மாதம் எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் வீட்டுக்கு ஒரு பைசா வந்திருக்காது. நாமினி இடத்தில் வாத்தியார் மனைவியின் பேர்!

ஜூன் மாதம் மாற்றினேன். புது ஆர்.சி. நகல், வாத்தியார் கையெழுத்திட்ட கடிதம், பழைய பாலிசி, என் ஆதார், பான், புது விண்ணப்பம். வண்டியைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மாற்றுக் கட்டணம் 50 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 59. வாத்தியார் மூன்று வருடம் க்ளெய்மே போடாததால் 35 சதவீதம் நோ க்ளெய்ம் போனஸ் வாங்கியிருந்தார். அது வண்டி வாங்கிய மார்க் இல்லை, வாத்தியார் வாங்கிய மார்க், எனக்குக் கிடையாதாம். மிச்ச மாதங்களுக்கு அந்தத் தள்ளுபடியைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். அது 119. ஆக 178 ரூபாய். இதைச் செய்யாமல்தான் 9,400 கொடுத்தேன்.

* * *

அவர் வாங்கிய பக்கம், நான் விற்ற பக்கம். 2022ல் என் ஸ்கூட்டரை, பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் கொடுத்தேன். ஃபாரத்தில் வாங்குபவர் பேரை எழுதாமலே கையெழுத்து வாங்கினார்கள். பணம் கைக்கு வந்த சந்தோஷத்தில் நானும் போட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து ஹெல்மெட் போடாததற்கு அபராதம் என்று எனக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது. படத்தில் யாரோ ஒரு பையன், பின்னால் இரண்டு பேர், அதில் ஒருவன் கையில் கிரிக்கெட் மட்டை.

அபராதத்தை விடுங்கள். வக்கீல் நண்பர் சொன்னதைக் கேட்டுத்தான் தூக்கம் போனது. வண்டி எத்தனை கை மாறினாலும், ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் ஓனர் என்று 2018ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறதாம். அந்தப் பையன் யாரையாவது இடித்து, அன்றைக்கு இன்சூரன்ஸும் முடிந்திருந்தால் நோட்டீஸ் என் வீட்டு வாசலுக்கு வரும். இரண்டு வாரம் தினமும் கன்சல்டிங்கில் போய் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமலே வாங்கியவரின் நம்பரைக் கொடுத்தார்கள்.

இதில் என் 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸும் மாட்டிக்கொண்டது. விற்றவர் அதற்கு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் எடுக்கும் புது வண்டிக்குப் பயன்படுத்தலாம். ஆனால் ஆர்.சி. மாறியதற்கு ஆதாரம் கேட்டார்கள். மாறவே இல்லையே, எங்கே போவது?

* * *

மூன்றாவதாக நான். எனக்கு இனிஷியல் பிரச்சனை. ஆர்.சி.யில் அப்பா இனிஷியல். ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய கணவர் பேர். பாலிசியில் ஷோரூம்காரர் இனிஷியலை முன்னால் போடாமல் முழுப் பேரைப் போலப் பின்னால் ஒட்டிவைத்திருந்தார். மூன்று பேப்பரில் மூன்று பெண்கள்! மொபைல் நம்பர் இடத்தில் ஷோரூம் நம்பரையே போட்டிருந்ததால் ரினியூவல் எஸ்.எம்.எஸ். ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை. பேர் திருத்தத்துக்கு எண்டார்ஸ்மென்ட் என்று ஒரு தாள் கொடுப்பார்கள், பிரீமியம் எதுவும் ஏறாது. ஆர்.சி.யில் எப்படி இருக்கிறதோ அதேபோல் பாலிசியில் இருக்கட்டும் என்று நான் வைத்துக்கொண்டேன். புள்ளி, இடைவெளி உட்பட.

* * *

நாலாவதாக நான். அப்பா தவறிய பிறகு அவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்கவும். பாலிசி உடனே செத்துவிடாது. இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். அதற்குள் வாரிசு பேருக்கு மாற்றவேண்டும். ஆர்.சி.க்கு 31ஆம் ஃபாரம். எங்களுக்கு வாரிசுச் சான்றிதழ் வரவே இரண்டு மாதம் பிடித்தது, அதனால் காரியம் முடிந்த கையோடு இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். அப்பாவின் போனஸ் பிள்ளைக்கு வரும், கேட்டு வாங்கவேண்டும். நான் கேட்டேன், கொடுத்தார்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான். விற்ற நண்பரே, நீங்கள் சொன்ன போனஸ் கடிதத்தை வாங்கித் தரட்டுமா என்று வாத்தியாரிடம் கேட்டேன். "இனிமே நான் எங்கே வண்டி வாங்கப்போறேன்" என்று சிரித்தார். அக்டோபரில் ரினியூவல் எஸ்.எம்.எஸ். சரியாக என் ஃபோனுக்கே வந்தது. இருந்தாலும் மறுநாள் காலை வாத்தியார் குடையை ஊன்றிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். "தம்பி, இந்த மாசம் முடியுது, ஞாபகம் இருக்கா?"