ஒரே எழுத்தில் தொடங்கும் நீளமான இங்கிலீஷ் வார்த்தைகள், அதுவும் 'பி'யில்

வேலந்தாவளம்_டியூஷன்:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் (ஆந்திரா சித்தூர் இல்லை) வேலந்தாவளத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். செக்போஸ்ட் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பாதி மலையாளம், பள்ளியில் தமிழ் மீடியம்.

இங்கிலீஷ் கிளப்பில் ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஓர் எழுத்து கொடுத்துவிட்டார்கள். அந்த எழுத்தில் தொடங்கும் வார்த்தைகளையே கோத்து ஒரு நிமிஷம் பேச வேண்டும். 'தி', 'ஆஃப்', 'அண்ட்' மாதிரிக் குட்டி வார்த்தைகளுக்கு விலக்கு உண்டு. நீளமான வார்த்தைக்குக் கூடுதல் மார்க். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு 'பி' விழுந்திருக்கிறது. பென்சில் பி, பஸ் பி இல்லை.

சிக்கலே அங்கேதான். அவள் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறாள். நோட்டை வாங்கிப் பார்த்தால் 'பேஷன்ட் போஸ்ட்மேன் பிரிங்ஸ் பியூட்டிஃபுல் பார்சல்' என்று இருக்கிறது. தமிழில் பார்த்தால் ஐந்தும் 'ப'தான், ஒரு குறையும் சொல்ல முடியாது! அடுத்த பக்கத்தில் டிக்‌ஷனரியிலிருந்து எடுத்த சைக்காலஜி, நிமோனியா, போட்டோகிராபர். கேட்டால், "எழுத்து பிதானே டீச்சர்" என்கிறாள். அதுவும் சரிதான். இவற்றை வைத்துக்கொள்ளலாமா? நல்ல நீள வார்த்தைகள் எங்கே கிடைக்கும்?

பழைய_ரெமிங்டன்:

டீச்சரே, இந்த விளையாட்டுக்குப் 'பி'யை விடத் தோதான எழுத்து கிடையாது, பெண்ணுக்கு அதிர்ஷ்டம். 'பீட்டர் பைப்பர் பிக்ட் எ பெக் ஆஃப் பிக்கிள்ட் பெப்பர்ஸ்' எல்லோருக்கும் தெரியும். அது அச்சில் வந்தது 1813-இல், லண்டனில் ஜான் ஹாரிஸ் என்பவர் வெளியிட்ட ஒரு சிறுவர் புத்தகத்தில். புத்தகத்தின் பெயரே 'பீட்டர் பைப்பர்ஸ் பிராக்டிகல் பிரின்சிபிள்ஸ் ஆஃப் ப்ளெய்ன் அண்ட் பெர்ஃபெக்ட் ப்ரோனன்சியேஷன்'. உங்கள் போட்டிக்கு இந்தத் தலைப்பு ஒன்றே அரைப் பேச்சு. உச்சரிப்புப் பழக்கத்தான் அந்தக் காலத்தில் இப்படிக் கோத்தார்கள், வெறும் வேடிக்கைக்கு அல்ல.

நீளத்தைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் கட்சி. 1970-இல் சான் டியகோ கூட்டத்தில் அமெரிக்கத் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ தன்னைக் குறை சொன்னவர்களை 'நாட்டரிங் நேபாப்ஸ் ஆஃப் நெகட்டிவிசம்' என்றார். எழுதிக் கொடுத்தவர் வில்லியம் சஃபையர். மூன்றே வார்த்தை, அதில் ஒன்றுதான் நீளம். அதே பேச்சில் நான்கு 'ஹெச்' வைத்து 'ஹோப்லெஸ், ஹிஸ்டெரிகல் ஹைபோகாண்ட்ரியாக்ஸ் ஆஃப் ஹிஸ்டரி' என்றும் ஒரு போடு போட்டார். ஆள் பின்னால் லஞ்ச விவகாரத்தில் பதவியை விட்டார், அது வேறு கதை. பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

கம்பம்_மெட்டு_பையன்:

அக்கா, 'பி'யில் 45 எழுத்து வார்த்தையே இருக்கிறதே! 'நியூமோனோ-அல்ட்ரா-மைக்ரோஸ்கோபிக்-சிலிகோ-வால்கேனோ-கோனியோசிஸ்'. எரிமலைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் நோயாம். அதைச் சொன்னால் கப் நமக்குத்தான். அரசியல்வாதி சசி தரூர் சொன்ன அந்த 'ஃப்ளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன்' கூட 29 எழுத்துதான்.

தமிழ்மாஷ்_கொழிஞ்சாம்பாறை:

தம்பி, கப்புக்காகவே உண்டாக்கிய வார்த்தைதான் அது. 1935-இல் அமெரிக்கப் புதிர்ப் பிரியர்கள் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித், அகராதியில் நீளமாக ஒன்று இருக்கட்டும் என்று கட்டினார். டாக்டர்கள் 'சிலிகோசிஸ்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதைவிட, அதன் 'பி' வாயில் வராது. நடுவர் காதில் விழுவது 'நி'.

டீச்சர் கேட்டதற்கு என் பதில்: சைக்காலஜி, நிமோனியா, போட்டோகிராபர் மூன்றையும் அடித்துவிடுங்கள். ஒன்று 'ஸ', ஒன்று 'ந', ஒன்று 'ஃப'. எழுத்தை எண்ணுகிறவர் வேண்டுமானால் மார்க் போடலாம், ஆனால் மேடையில் சொல்லும்போது சங்கிலி அறுந்துபோகும். நம்முடைய மோனையும் காதுக்குத்தான். 'கற்க கசடறக் கற்பவை கற்றபின்' என்று நான்கு சீரிலும் 'க' வந்தால் முற்று மோனை. எழுத்து அப்படியே திரும்ப வர வேண்டும் என்றுகூட இலக்கணம் பிடிவாதம் பிடிக்கவில்லை. 'ச'வுக்குத் 'த', 'ம'வுக்கு 'வ', 'ஞ'வுக்கு 'ந' மோனையாகும். அ, ஆ, ஐ, ஔ ஒரே இனம்.

இங்கிலீஷ்காரர்களின் ஆதிச் செய்யுளும் கிட்டத்தட்ட இதே வழிதான். அடிக் கடைசியில் ஒலி ஒத்து வருவதெல்லாம் பிற்பாடு பரவியது. அதற்கு முன்னால் ஒவ்வோர் அடியையும் இரண்டு பாதியாகப் பிரித்து, இரண்டையும் முதல் ஒலியால் கட்டினார்கள். உயிரொலி என்றால் எதற்கும் எது வேண்டுமானாலும் சேரும், நம் ஆட்களைவிடத் தாராளம். ஆனால் 'ஸ்ட', 'ஸ்ப' மாதிரிக் கூட்டொலி தன்னோடு மட்டும்தான் சேரும். அதில் கறார்.

இனி 'ப' பிரச்சினை. அந்தப் பெண்ணுக்கு மலையாள எழுத்து தெரியுமா? பஸ் போர்டு வாசித்தே இங்கே பிள்ளைகள் கற்றுவிடுகிறார்களே. தெரிந்தால் நோட்டைத் தமிழில் எழுத வேண்டாம், மலையாள எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். அங்கே 'ப' வரிசைக்கு நான்கு எழுத்து. பார்சலுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு வேறொன்று. 'பிரிங்ஸ்', 'பியூட்டிஃபுல்' இரண்டும் எழுதும்போதே தனியாகத் தெரிந்துவிடும். தமிழ் மாஷ் (வாத்தியார்) இதைச் சொல்லலாமா என்று சிலர் வருவார்கள். வரட்டும்.

இன்னொன்று. பஸ் டிக்கெட் மாதிரி மெல்லிய காகிதத்தை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு 'பென்சில்' சொல்லச் சொல்லுங்கள். இங்கிலீஷ்காரன் சொல்கிற மாதிரி சொன்னால் காற்று பட்டுக் காகிதம் விலகும். 'பஸ்' சொன்னால் அவ்வளவாக அசையாது. நம் பிள்ளைகள் 'பென்சில்' என்றாலும் காகிதம் சும்மாவே நிற்கும், ஏனென்றால் தமிழ்ப் 'ப'வில் அந்த மூச்சு இல்லை. காகிதம் ஆடுகிற வரை சொல்லிப் பார்ப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டாகவும் இருக்கும்.

வேலந்தாவளம்_டியூஷன்:

மாஷ், நேற்று சாயங்காலமே காகிதத்தை ஆட்டிப் பார்த்துவிட்டோம். மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொள்ள, கணக்குப் பாடம் நடக்கவே இல்லை. அவளுக்கு மலையாள எழுத்து நன்றாகவே தெரிகிறது. 'பியூட்டிஃபுல்' எழுதப் போனவள் தானே நிறுத்தி, "இது வேற டீச்சர்" என்று அடித்துவிட்டாள்.

நீள வார்த்தைகளை அவள் பாடப்புத்தகத்திலேயே பொறுக்கிவிட்டோம்: பேரலெலோகிராம், பெர்பெண்டிகுலர், பெர்சென்டேஜ், பாலினேஷன், ப்ரிசிபிட்டேஷன். ஃபோட்டோசிந்தசிஸ் எட்டிப் பார்த்தது, கதவைச் சாத்திவிட்டோம். முதல் வாக்கியம் இப்போது இப்படி:

'பாலக்காட்ஸ் பேஷன்ட் பாம் ப்ளான்டர்ஸ் ப்ரே, ப்ராப்பர்லி அண்ட் பங்ச்சுவலி, ஃபார் ப்ளென்டிஃபுல் ப்ரிசிபிட்டேஷன்.'

பழைய_ரெமிங்டன்:

பிரமாதம். நம் கிழக்குப் பக்கம் மழை பெய்கிற லட்சணத்துக்கு அந்தப் பிரார்த்தனை தேவைதான். தம்பி சொன்ன தரூர் வார்த்தை வேண்டாம், அது 'எஃப்'. ஆனால் 2018-இல் அவர் அந்த வார்த்தையை அவிழ்த்துவிட்டது 'தி பாரடாக்சிகல் பிரைம் மினிஸ்டர்' என்ற தன் புத்தகத்தை அறிவிக்கும்போது. தலைப்பில் இரண்டு 'பி' அருகருகே இருக்கிறது பாருங்கள். 'பாரடாக்சிகல்' உங்கள் பெண்ணுக்கு உதவும். 'பாம் ப்ளான்டர்ஸ்' என்ற இடத்தில் மட்டும் மூச்சு வாங்கச் சொல்லுங்கள், 'ம்'முக்குப் பின்னால் 'ப்ளா' தானாகவே கனத்து பஸ் 'பி' பக்கம் சாயும். தமிழ் நாக்குக்கு அது பழக்கம்.

வேலந்தாவளம்_டியூஷன்:

ஆமாம் சார், அங்கேதான் இடறுகிறாள். நிறுத்திச் சொல்ல வைக்கிறேன். அப்புறம் இன்னொரு பையனுக்கு 'எக்ஸ்' விழுந்திருக்கிறது. அவன் அம்மா இப்போது வாசலில் நிற்கிறார். என்ன சொல்ல?

பழைய_ரெமிங்டன்:

சைலோஃபோன், எக்ஸ்ரே, அதற்கு மேல் வண்டி ஓடாது. முதலாவது வாயில் 'இசட்' ஆகிவிடும். அந்த 1813 புத்தகக்காரரே எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து முடித்துவிட்டார். வேறு சீட்டு எடுக்க விடுவார்களா என்று பள்ளியில் கேட்கச் சொல்லுங்கள். 'எஸ்' கிடைத்தால் நல்லது.