இசட்டிபி-189 எஃகு மடக்குக் கத்தியில் பல் விழுந்துவிட்டது

கேள்வி: தம்பி என் மடக்குக் கத்தியை எடுத்து அட்டைப்பெட்டி பிரிக்கப் போய், ஸ்டேப்பிள் பின்னில் இழுத்துவிட்டான், கத்தியின் வெட்டும் வாய் சின்னதாகப் பெயர்ந்து பல் விழுந்திருக்கிறது, நகத்தை ஓட்டினால் மாட்டுகிறது. சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம். தண்ணீர் விடாமல் வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் வாய் சூடேறிப் பதம் போய்விடும். 400 கிரிட் (துகளின் நுண்மை அளவு) வைரத் துகள் பதித்த தகட்டில் கையால் தீட்டுங்கள்.

பதில் 2: இந்த எஃகு ராக்வெல் என்ற கடினத்தன்மை அளவில் 64 வாக்கில் வரும், ரொம்பக் கடினம், அதான் உடைகிறது, மென்மையான எஃகென்றால் வாய் மடங்கியிருக்கும், நிமிர்த்தியிருக்கலாம். பல் முழுக்கப் போகும்வரை தேய்க்காதீர்கள், மிச்சம் அடுத்தடுத்த தீட்டலில் போய்விடும். அப்புறம், பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வில் லேசாக நான்கு இழுப்பு.

கேட்டவர்: சரி. தகட்டுக்கு எண்ணெயா, தண்ணீரா?

பதில் 1: தண்ணீர் போதும். அழுத்தாதீர்கள், வைரத் துகள் பெயர்ந்துவிடும்.