ஒப்பந்தக் கல்யாணக் கதைகளில் உங்களை இன்னும் விடாத காட்சி எது?

நூலகவாசி
ரீஜென்சி காலக் கதை, அதாவது 1800-களின் தொடக்கத்து இங்கிலாந்து. அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அவனிடம் பிரபுப் பட்டமும் கழுத்து வரை கடனும், அவளிடம் அப்பாவின் ஆலைப் பணம். கல்யாணம் முடிந்ததும் பதிவேட்டில் கையெழுத்து. கையுறையைக் கழற்றி, பிறந்த வீட்டுப் பெயரைக் கடைசி முறையாக எழுதுகிறாள். அது இரண்டே வரி. அடுத்த அத்தியாயத்தில், தன்னோடு வந்த பணிப்பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்க அவனிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. அவன் அறை வாசலில் நின்று, எப்படிக் கேட்பது என்று வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறாள். "தங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்" என்று ஆரம்பிக்கிறாள், வேண்டாம் என்று மாற்றுகிறாள், மறுபடி அதற்கே வருகிறாள். நேற்று வரை அவள் வீட்டுப் பணம் அது! கதை அப்புறம் நடனம், பொறாமை, மழையில் மாட்டிக்கொள்வது என்று போய்விட்டது. என்னால் அந்த வாசலை விட்டு நகர முடியவில்லை. உங்களுக்கு அப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

விளக்கொளி
எனக்கு அந்தக் கதவு. இரண்டு படுக்கையறைக்கும் நடுவில் இருக்குமே, அதேதான். முதல் இரவு, அவன் காலடிச் சத்தம் கேட்டதும் அவள் தன் பக்கம் தாழ்ப்பாளைப் போடுகிறாள். மெதுவாகத்தான் போடுகிறாள், ஆனால் பழைய இரும்பு, 'டக்' என்று கேட்டுவிடுகிறது. அந்தப் பக்கம் நடை நின்றுவிடுகிறது. இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மறுநாள் காலையில் அவன் வேலையாளைக் கூப்பிட்டு, அந்தத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடச் சொல்கிறான். இனி அவள் சத்தமில்லாமல் பூட்டிக்கொள்ளலாம். அதன் பிறகு அவன் என்ன காதல் வசனம் பேசினாலும் எனக்கு அந்த எண்ணெய்தான் ஞாபகம் வந்தது.

கோடைமழை
கதவு, தாழ்ப்பாள் எல்லாம் சரி. நான் படித்ததில், "ஒரு வருஷம் ஒருவரையொருவர் தொடாமல் இருப்போம், பிறகு கல்யாணத்தை ரத்து செய்துகொள்வோம்" என்று இருவரும் கைகுலுக்குகிறார்கள். அந்தக் கைகுலுக்கலிலேயே புத்தகத்தை மூடினேன்.

எழுத நினைப்பவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள். அந்தக் கால இங்கிலாந்தில், தாம்பத்திய உறவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கல்யாணம் ரத்தாகாது. உறவுக்கான இயலாமையைத் திருச்சபை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். எந்த ஆண் அதற்குச் சம்மதிப்பான்? வேண்டுமென்றே மறுப்பது ஒரு காரணமாகச் சட்டத்தில் சேர்ந்தது 1937-ல்தான். விவாகரத்தா? 1857-க்கு முன்னால் மறுமணம் செய்துகொள்ளும்படியான விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வேண்டும். அப்படி வாங்கிய பெண்கள் மொத்தம் நான்கே பேர். ராத்திரியோடு ராத்திரியாக வரவேற்பறையில் கல்யாணம் வைக்கிறீர்கள் என்றால் கேன்டர்பரி பேராயரின் ஸ்பெஷல் லைசென்ஸ் வேண்டும். இல்லாவிட்டால் மூன்று ஞாயிறு ஓலை (தேவாலயத்தில் கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டும், அல்லது சாதாரண லைசென்ஸ் வாங்க வேண்டும். இந்த இரண்டில் எதுவானாலும் காலை எட்டுக்கும் மதியம் பன்னிரண்டுக்கும் நடுவில், தேவாலயத்தில்தான். 21 வயது ஆகாத பெண்ணுக்கு லைசென்ஸ் என்றால் அப்பாவின் சம்மதமும் தேவை. அதனால்தான் ஜோடிகள், இந்தச் சட்டம் செல்லாத ஸ்காட்லாந்துக்கு எல்லையைத் தாண்டி, கிரெட்னா கிரீன் என்ற ஊருக்கு ஓடினார்கள். இவ்வளவு இறுக்கமான சட்டம் கையில் இருக்கும்போது அதைத் தளர்த்திவிட்டால் கதைக்கு என்ன மிச்சம்? வெளியே போக வழியே இல்லை என்பதுதானே இந்த வகைக் கதையின் உயிர்!

தனிவழி
கோடைமழை, நீங்கள் சொல்லும் சட்டம் எல்லாம் உண்மையாக இருக்கட்டும். அதற்காகப் புத்தகத்தை மூடுவதா? அந்த இருவரும் சட்டம் தெரியாமல்கூடக் கைகுலுக்கியிருக்கலாம். பிறகு வக்கீல் சொல்லித் தெரிந்துகொள்ளும் இடம் எவ்வளவு நல்ல அத்தியாயமாக வந்திருக்கும்! அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கலாம்.

என் காட்சி கணக்குப் புத்தகம். அவன் வெளியூர் போயிருக்கிறான். அவள் எதையோ தேடும்போது கடன் பட்டியல் கண்ணில் படுகிறது. குதிரை வியாபாரி, தையல்காரர், கூரை மராமத்து. எதிர்ப்பக்கம் வரவு. அங்கே ஒரே ஒரு வரி: அவள் பெயர், பக்கத்தில் இருபதாயிரம் பவுண்டு. அவள் அழவில்லை, கிழிக்கவில்லை. பேனாவை எடுத்து, செலவுப் பக்கத்தில் விட்டுப்போன நிலக்கரிக் கணக்கைத் தன் கையெழுத்தில் சேர்த்துவிட்டு மூடுகிறாள். அவன் திரும்பி வந்து பார்க்கும்போது அந்தப் பக்கத்தில் இரண்டு கையெழுத்து. என்னைக் கேட்டால் அவர்கள் கல்யாணம் அங்கேதான் நடந்தது.

கோடைமழை
சட்டம் தெரியாமல் என்கிறீர்கள். பணக்கார வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு இரண்டு பக்க வக்கீல்களும் உட்கார்ந்து செட்டில்மெண்ட் எழுதாமல் விடுவார்களா? கைச்செலவுக்கு எவ்வளவு, விதவையானால் எவ்வளவு என்று எல்லாம் அதில் வந்துவிடும். விவரமான அப்பாவாக இருந்தால் ஒரு பங்கைத் தர்மகர்த்தாக்கள் பொறுப்பில் அவள் பேரிலேயே கட்டிவைப்பார். அப்படிக் கட்டாத ரொக்கம் முழுக்கக் கணவனுக்குத்தான். அந்த நிலைமை ஒழுங்காக மாற 1882 வரை ஆனது. நூலகவாசி சொன்ன பெண் வாசலில் நிற்கிறாள் என்றால், அவள் அப்பா அந்த மேஜையில் சரியாகப் பேரம் பேசவில்லை. எனக்கு அந்த அப்பா மேல்தான் கோபம்.

நீலமை
பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னைத் தூங்கவிடாதது கடைசி அத்தியாயம். அவள் அவனை விட்டுப் போவதென்று முடிவெடுத்து, பெட்டி கட்டி, வண்டியும் வாசலில் நிற்கிறது. மாடியில் குழந்தை அழுகிறது. ஆசிரியர் எழுதியிருப்பது: அழுகையைக் கேட்டதும் அவளுக்குக் காதல் புரிந்துவிட்டது, பெட்டியை இறக்கச் சொன்னாள். எனக்கு வயிறு கலங்கியது. அன்றைய சட்டப்படி குழந்தை அப்பாவுடையது. அவள் போனால் தனியாகத்தான் போக வேண்டும். கரோலின் நார்டன் என்ற எழுத்தாளரின் மூன்று மகன்களையும் 1836-ல் கணவர் கொண்டுபோய்விட்டார். கரோலின் போராடித்தான் 1839-ல் சட்டம் வந்தது. அதிலும் ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள நீதிமன்றத்தில் கேட்கலாம் என்ற அளவுதான். இது தெரிந்த பிறகு அந்தப் பெட்டி இறங்குவதைக் காதல் என்று என்னால் படிக்க முடியவில்லை. அவளுக்கு வேறு வழி இருந்து, அதற்கப்புறமும் தங்கினாள் என்றால் ஒப்புக்கொள்வேன். ஒரு நல்ல கணவன் அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும்? "நீ போனாலும் குழந்தை உன்னோடுதான்" என்று. அதைச் சொல்லும் கதை ஒன்று யாராவது படித்திருந்தால் பெயர் தாருங்கள்.

விளக்கொளி
நீலமை, நீங்கள் கேட்டதே இல்லை, ஆனால் பக்கத்தில் வரும். அவன் மனைவியை இழந்தவன், பத்து வயது மகள். கதாநாயகிக்குத் தங்கியிருக்க ஒரு கூரை வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே அவன் வக்கீலை வைத்து உயில் எழுதுகிறான்: தனக்கு ஏதாவது ஆனால் மகளுக்குக் காப்பாளர் அவள்தான், தன் அண்ணன் இல்லை. அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "என்னை உங்களுக்கு மூன்று வாரமாகத்தானே தெரியும்?" என்கிறாள். "என் அண்ணனை நாற்பது வருஷமாகத் தெரியும்" என்கிறான் அவன். பெயரைத் தேடி எடுத்துத் தனியாக அனுப்புகிறேன்.