மாலைதீவுக்குப் போறவை மணிக்கூட்டைத் திருப்பத் தேவையில்லையாம்!

கொட்டியாரம்:
இளஞ்சோடிகளுக்கு மாலைதீவில படகுச் சுற்று எண்டு ஒரு விளம்பரம் ரெண்டு நாளாத் திருகோணமலை முழுக்கச் சுத்துது. ஏழு இரவு, அஞ்சு தீவு, ஆடி மாசம். அதில ஒரு வரி: “நேர வித்தியாசம் அரை மணிதான், மணிக்கூட்டைத் திருப்பத் தேவையில்லை.” எழுதின புண்ணியவான் மாலைதீவை வரைபடத்திலயாவது பார்த்தவரோ? தலைநகர் மாலேயின்ர நேரம் நம்மளவிட அரை மணி பின்னுக்கு, அது சரி. ஆனா கன ரிசோட் தீவுகள் தங்கட மணிக்கூட்டை மாலேயைவிட ஒரு மணி முன்னுக்குத் தள்ளி வச்சிருக்கு. ஆக்கள் தங்கிச் சுத்துற சில சபாரிப் படகும் அப்பிடித்தான். மாலேயில 9.00 எண்டா நமக்கு 9.30, படகில 10.00. மூண்டு நேரம் ஓடுது, இவர் தேவையில்லையாம்.

உப்புவெளியான்:
படகுக்கு ஒரு நேரம், குசினிக்கு ஒரு நேரமோ அண்ண? ஒரு நாட்டுக்கு ஒரு நேரம்தான். மாலைதீவு கிறீன்விச்சுக்கு 5 மணி முன்னுக்கு. கதை முடிஞ்சுது. கைபேசி தானாத் திரும்பிக்கொள்ளும்.

கொட்டியாரம்:
அந்தக் கைபேசிதான் தம்பி கவிழ்க்கும். அது காட்டுறது மாலே நேரம். மணல்திட்டில ரெண்டு பேரையும் இறக்கிவிட்ட டிங்கிக்காரன் (சின்னப் படகுக்காரன்) “நாலு மணிக்கு ஏத்துவன்” எண்டா அது படகின்ர நாலு. அப்ப உங்கட கைபேசியில 3.00. நீங்க இன்னும் ஒரு மணி இருக்கு எண்டு நண்டு பிடிச்சுக்கொண்டு நிப்பீங்க. மற்றப் பக்கமாப் பிழைச்சா நட்டமில்ல, விமானத்துக்கு ஒரு மணி முந்திப்போய் மாலேயில குந்தியிருக்கலாம். படகை விட்டாத்தான் கரைச்சல்.

சாம்பல்தீவு அக்கா:
மணிக்கூட்டை விட்டுட்டு உருப்படியா ஏதும் சொல்லுங்கோ. சோடிகள் முதல்ல விடுற பிழை பெட்டி. சில்லு வச்ச கெட்டிப் பெட்டி படகு அறைக்குள்ள கட்டிலுக்குக் கீழ போகாது, வழியில கிடந்து காலை இடிக்கும். மடிக்கிற துணிப் பை கொண்டுபோங்கோ. கடல்விமானத்தில போற தீவு எண்டா 20 கிலோ, கைப்பை 5 கிலோ, அதுக்கு மேல காசு. அதோட கடல்விமானம் பகல்லதான் பறக்கும். பின்னேரம் பிந்தி மாலேயில இறங்கினா ஒரு இரவு அங்கயே தங்கவேணும். அந்தச் செலவை விளம்பரத்தில ஒருத்தரும் போடமாட்டினம்.

உப்புவெளியான்:
அக்கா சொல்லுறதில பிழையில்ல. ஆனா அந்த விமானமும் நாட்டு நேரத்துக்குத்தானே பறக்குது? படகு நேரத்துக்கில்லையே?

கொட்டியாரம்:
விமானம் மாலே நேரத்துக்கு, படகு படகு நேரத்துக்கு. அதைத்தானே தொடக்கத்திலயிருந்து கத்துறன்! ஏன் தள்ளி வைக்கினம் எண்டும் கேளுங்க. மாலே நேரத்தில சூரியன் ஆறு மணியளவில எழும்பி ஆறு மணியளவில விழும். ஒரு மணி தள்ளினா ஏழுக்கு விடிஞ்சு ஏழுக்கு இருளும். தேனிலவுக்கு வந்தவை ஆறுதலா எழும்பலாம், பின்னேரம் கடல்ல நிக்க ஒரு மணி கூடக் கிடைக்கும். யாவாரம் தம்பி, யாவாரம்.

நிலாவெளி நண்டு:
இவ்வளவு காசைக் கொட்டி மாலத்தீவுக்கு ஏன்? நிலாவெளியிலயிருந்து ஒரு கிலோமீற்றரில புறாமலைத் தீவு. முருகைக்கல்லும் இருக்கு, கருமுனைச் சுறாவும் இருக்கு. ஆடியில நம்மட கடல் தட்டையாக் கிடக்கும், அங்க கொந்தளிக்கும்.

கொட்டியாரம்:
முதல்ல அது மாலைதீவு. மாலத்தீவு எண்டு எழுதுறது இந்தியப் பத்திரிகை. ரெண்டாவது, நம்மட கடல் ஏன் தட்டை எண்டு சொல்லுங்க பார்ப்பம். கச்சான் காத்து (தென்மேல் காத்து) கரையிலயிருந்து வெளியால அடிக்குது, அதால கரையோரம் அலை எழும்பாது. மத்தியானம் காத்து ஏறினா மிதவையில கிடக்கிறவையை வெளிக்கடலுக்குத் தள்ளும், அதுதான் காலமையோட போய்த் திரும்பவேணும். மாலைதீவில அந்தக் காத்தை மறிக்கத் தரை இல்ல. அதுக்காகக் கடல் முழுக்கக் கொந்தளிக்கும் எண்டில்ல. ஒரு பவளவட்டத்துக்குள்ள (வளையமாக் கிடக்கிற தீவுக் கூட்டம்) நிண்டா, சுத்தியிருக்கிற முருகைக்கல் பார்தான் மறிப்பு. ஒண்டிலயிருந்து மற்றதுக்குக் கடக்கேக்கதான் உருட்டும்.

சாம்பல்தீவு அக்கா:
அந்த உருட்டலுக்குக் குளிசை வேணும். புறப்பட அரை மணியிலயிருந்து ஒரு மணி முந்திப் போடவேணும். வாந்தி தொடங்கினாப் பிறகு போட்டா அதுவும் சேர்ந்துதான் வெளியால வரும். நித்திரை தூக்கும், குடிவகையோட சேர்க்கக்கூடாது. அறை எடுக்கேக்கை படகின்ர நடுவில, கீழ்த்தட்டில எடுங்கோ. அணியத்தில (முன்பக்கத்தில) இருக்கிற அறை படத்தில வடிவு, கடக்கேக்கை ஊஞ்சல்.

உப்புவெளியான்:
ஒரு மணி முந்தி எண்டா எந்த மணிக்கூட்டில அக்கா? 😀

சாம்பல்தீவு அக்கா:
உங்கட வயித்து மணிக்கூட்டில.

மூதூர் மச்சான்:
படகை மட்டும் கதைக்கிறீங்க. அஞ்சு தீவில ஒண்டு ரெண்டு சனம் குடியிருக்கிற தீவா இருக்கும். அங்க குடிவகை இல்ல. வெளியிலயிருந்தும் நாட்டுக்குள்ள கொண்டுபோக ஏலாது, விமான நிலையத்திலயே எடுத்து வச்சிருவாங்க. குளியல் உடுப்போட திரியிறதுக்கு அடைச்சு ஒதுக்கின கரை தனியா இருக்கு, மற்ற இடத்தில தோளும் முழங்காலும் மூடவேணும். வெள்ளி மத்தியானம் ஜும்ஆ, கடையெல்லாம் பூட்டு. விசா வந்து இறங்கினாப் பிறகு 30 நாளுக்குச் சும்மா குடுப்பாங்க. ஆனா பயணத்துக்கு முந்தின 96 மணித்தியாலத்துக்குள்ள இமுகா எண்ட பயணி அறிவிப்புப் படிவத்தை இணையத்தில நிரப்பவேணும்.

உப்புவெளியான்:
பார்த்தீங்களா, 96 மணித்தியாலமும் அரசாங்க நேரத்திலதான். நான் சொன்னதுதான் சரி. ஒரு நாடு, ஒரு நேரம்.

கொட்டியாரம்:
திருகோணமலையான் சொல்லுற கதையா இது? 1996 மே மாசம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணி முன்னுக்குத் தள்ளி, ஒக்டோபரில அரை மணி பின்னுக்கு இழுத்து, 2006 ஏப்ரல்ல பழையபடி கொண்டுவந்தது. அதுவரைக்கும் இயக்கத்தின்ர (புலிகளின்ர) பக்கம் பழைய நேரம்தான். டவுனில ஒரு நேரம், சம்பூரில ஒரு நேரம். “பழைய நேரமோ, புது நேரமோ” எண்டு கேளாம ஒருத்தரும் ஒரு அலுவலுக்கும் போகேல்ல. ஒரு குடாவுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு நேரம் ஓடின ஊரில இருந்துகொண்டு, ஒரு நாடு ஒரு நேரமாம்!

மூதூர் மச்சான்:
அதை இஞ்ச இழுக்காதீங்க. அது வேற கதை.

கொட்டியாரம்:
வேற கதை இல்ல, அதே கதை. மணிக்கூடு ஆற்ற கையில இருக்கோ அவர் வச்சதுதான் நேரம். படகில கப்டன்.

நிலாவெளி நண்டு:
அண்ணைக்கு எல்லாம் தெரியும். போன மாசம் திமிங்கிலம் பார்க்கிற கதையிலயும் இப்பிடித்தான், கடைசிவரைக்கும் ஒருத்தரையும் கதைக்க விடேல்ல. ஆடியில மாலைதீவில (சரியா எழுதிப்போட்டன், சந்தோசமா?) மழையும் காத்தும்தான். அதுக்குப் பதில் எங்க?

கொட்டியாரம்:
பா பவளவட்டத்தில ஹனிஃபாரு எண்டு ஒரு குடா. ஜூனிலயிருந்து நவம்பர் வரைக்கும் அந்தக் காத்து கொண்டுவாற மிதவை உயிரியைத் தின்ன மந்தா திருக்கை கூட்டமா வரும். ஆடி அதுக்கு நல்ல மாசம். ஆனா அதுக்குள்ள காத்துத் தாங்கி கட்டிச் சுழியோட விடமாட்டாங்க, முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மட்டும்தான். சுழியோடத்தான் வேணும் எண்டா வேற இடம், அதுவும் 30 மீற்றருக்குக் கீழ சட்டப்படி ஏலாது. கடைசிச் சுழியோட்டத்துக்கும் விமானத்துக்கும் இடையில குறைஞ்சது 18 மணித்தியாலம் விடவேணும். இரத்தத்தில தங்கின நைதரசன் மேல பறக்கேக்கை குமிழாக் கிளம்பும். இந்தக் கணக்கைப் படகு நேரத்தில தொடங்கி விமான நேரத்தில முடிச்சா 18 எண்டு நினைச்சது உண்மையில 19. மாறிக் கணக்குப் பார்த்தா 17. இப்பவும் திருப்பத் தேவையில்லையோ?

உப்புவெளியான்:
மாலே நேரத்தையே ரெண்டு பக்கமும் போட்டா 18 தானே வருது? அதைத்தான் நானும் சொல்லுறன்.

கொட்டியாரம்:
படகில மணிக்கூட்டைப் பார்த்துத்தானே தண்ணியால ஏறின நேரத்தை எழுதுவீங்க!

சாம்பல்தீவு அக்கா:
சுழியோடிகள் கையில கணினி கட்டியிருப்பினம், அது எண்ணும். ரெண்டு பேரும் சாப்பிடப் போங்கோ.

கொட்டியாரம்:
அக்கா, அந்தக் கணினியில நேரம் வைக்கிறது ஆர்? படகில ஏறின உடன சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில இருக்கிற வெள்ளைப் பலகையைப் பாருங்கோ. சாப்பாடு, டிங்கி, சுழியோட்டம் எல்லாம் அதில எழுதிக் கிடக்கும். படகு எந்த நேரத்தில ஓடுது எண்டு பெடியனிட்டக் கேட்டு, கைபேசியில தானாத் திரும்புறதை நிப்பாட்டிப்போட்டு கையால வையுங்கோ. ஒரு நிமிச வேலை.

உப்புவெளியான்:
அந்தப் பலகையில “நேரம் மாலே நேரம்” எண்டு எழுதியிருந்தா?

கொட்டியாரம்:
எழுதியிருந்தா மாலே நேரம்.

உப்புவெளியான்:
அப்ப திருப்பத் தேவையில்ல. நன்றி அண்ண.

கொட்டியாரம்:
தம்பி, உங்கட கையில கட்டியிருக்கிறது திருகோணமலை நேரம்!!