புதுப்பிப்பு: இருட்டில் படி இறங்கத் தயங்கும் எங்கள் லாப்ரடார்

ராத்திரியானால் எங்கள் லாப்ரடார் படி இறங்க மறுக்கிறான், கண்ணிலும் நீலப் புகை போலத் தெரிகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கண்புரையாக இருக்கும் என்று பலர் சொன்னீர்கள். டாக்டர் பார்த்துவிட்டார், புரை இல்லை. அந்த நீலம் வயதானால் லென்ஸ் இறுகுவதால் வருவது, பார்வையை அவ்வளவாகக் கெடுக்காதாம்.

கோளாறு விழித்திரையில். பரம்பரையாக வரும் தேய்மானம். மங்கலில் பார்க்க உதவும் செல்கள் முதலில் போய்விடுவதால்தான், பகலில் பந்து பிடிப்பவன் இருட்டில் தடுமாறுகிறான். வலி கிடையாது, குணமாக்கும் மருந்தும் கிடையாது. படிக்கு மேலே கயிற்று மிதியடி போட்டுவிட்டோம், காலில் பட்டதும் நின்று நிதானிக்கிறான். சோபாவை இனி யாரும் நகர்த்தக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி: முகத்துக்கு முன்னால் பஞ்சு உருண்டையை விழவிடுங்கள். சத்தம் வராது, கண் பின்தொடர்கிறதா என்று தெரிந்துவிடும். வெளிச்சத்தில் ஒரு தடவை, மங்கலில் ஒரு தடவை. (இவன் அதைத் தின்னப் பார்த்தான், அது வேறு கதை.) கையை ஆட்டிப் பார்ப்பதை நம்ப முடியாது, காற்று மீசையில் பட்டாலே கண் சிமிட்டும்.

அப்புறம், கண் திடீரென்று சிவந்து புடைத்தால் பஞ்சோடு உட்காராதீர்கள். அது கண்ணுக்குள் அழுத்தம் கூடும் நோயாக இருந்தால் ஓரிரு நாளில் பார்வையே போய்விடலாம். அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.