போலாரிட்டிக்குத் தமிழ்: முனைவா, குறுக்கா, தருபெறா?

அனைவருக்கும் வணக்கம்.

கேபிள் வேலைக்கு வரும் தமிழ் ஊழியர்களுக்காக ஒரு பக்க வேலைக்குறிப்பு எழுதிவருகிறேன். இரண்டு மாடிகளில் இரண்டு சுவிட்சுகள், நடுவே ஒளியிழை. எல்லாம் செருகியாயிற்று, சுவிட்சின் இணைப்பு விளக்கு மட்டும் எரியவில்லை. என்ன பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது? ஒளியிழை, இணைப்பு, சுவிட்ச் என்பவற்றில் தகராறில்லை. 'போலாரிட்டி'யில் வந்து நிற்கிறேன். அகராதியைப் புரட்டினால் முனைவு, துருவத்தன்மை என்று வருகிறது. முனைவு என்றே போட்டுவிடலாமா?

பொருள் இதுதான். எல்சி டூப்ளெக்ஸ் என்ற ஜோடி இணைப்பியில் இழை இரண்டு. இந்தச் சுவிட்சின் டிஎக்ஸிலிருந்து (ஒளி அனுப்பும் பக்கம்) புறப்படும் ஒளி அந்தச் சுவிட்சின் ஆர்எக்ஸில் (ஒளி வாங்கும் பக்கம்) விழ வேண்டும், அங்கிருந்து புறப்படுவது இங்கே ஆர்எக்ஸில் விழ வேண்டும். மாறிப்போனால் லேசரும் லேசரும் முகம் பார்த்தபடி இருக்கும், இரண்டு ஆர்எக்ஸும் இருட்டில் கிடக்கும். என் வரைவில் இப்போதைக்கு ஒரே வரி: "இரு பக்கமும் டிஎக்ஸ் சரி, இரு பக்கமும் ஆர்எக்ஸ் −40 டிபிஎம் (ஒளி வலிமையின் அளவு; −40 என்பது இருட்டு) என்றால் முனைவைச் சோதி."

* * *

தம்பி, முனைவு வேண்டாம்.

மின்கலத்துக்கு நேர்முனை உண்டு, எதிர்முனை உண்டு. கண்ணாடி இழைக்கு ஏது? ஆங்கிலக்காரரே மின்சாரத்திடமிருந்து இரவல் வாங்கிய சொல் அது. இரவலை நாமும் இரவல் வாங்குவானேன்? இன்னொரு சங்கடமும் உண்டு. மின்வேலை பழகிய ஊழியர் 'முனைவு மாறிவிட்டது' என்று படித்தால், எதுவோ கருகியிருக்கும் என்று பதறுவார். இழையை மாற்றிச் செருகுவதால் எதுவும் கெடாது. இணைப்பு வராது, அவ்வளவே.

'குறுக்கு' என்று சொல்லிப் பாருங்கள். அதில் கணக்கே அடங்கியிருக்கிறது. வழக்கமான டூப்ளெக்ஸ் பேட்ச் கார்டில் (சுவிட்சில் செருகும் குட்டைக் கேபிள்) ஒரு தலையில் ஏ என்றிருக்கும் கால் மறுதலையில் பி. ஆக அது ஒரு குறுக்கு. ரைசர் (மாடிக்கு மாடி கேபிள் ஏறும் வழி) வழியாகப் போகும் நிலைக்கேபிளும் முறைப்படி முடித்திருந்தால் ஒரு குறுக்கு. இந்தப் பக்கம் ஒன்று, நடுவே ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, மொத்தம் 3. ஒற்றைப்படை வந்தால் விளக்கு எரியும். இழை ஒட்டியவர் 1க்கு 1, 2க்கு 2 என்று நேராக ஒட்டி, இரு பேனலையும் (நிலைக்கேபிள் வந்து முடியும் பலகை) ஒரே வாக்கில் மாட்டியிருந்தால் நடுக்குறுக்கு போயிற்று. மொத்தம் 2, இருட்டு. பாதிச் சிக்கல் இங்கேதான்.

* * *

அண்ணா, கணக்கு சரி, சொல்தான் இடிக்கிறது.

'குறுக்கிணைப்பு' என்பதை ஏற்கெனவே கிராஸ் கனெக்டுக்குக் கொடுத்துவிட்டோம். பேனலுக்கும் பேனலுக்கும் நடுவே பேட்ச் கார்டு போட்டு வழி மாற்றும் ஏற்பாடு அது. ஒரே ரைசர் அறையில் இரண்டும் இருக்கும். 'குறுக்கைப் பார்' என்று சொன்னால் எதைப் பார்ப்பார்?

அதைவிடப் பெரிய இடி, ஒற்றை இழை. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குள் வரும் இழையை நினைத்துப் பாருங்கள். பச்சைத் தலை எஸ்சி ஏபிசி இணைப்பி, ஒரே இழை. வீட்டிலிருந்து போவது 1310 நானோமீட்டர் அலைநீளத்தில், வீட்டுக்கு வருவது 1490இல். அந்த வேலையில் கை பழகியவருக்குக் குறுக்கு என்ற எண்ணமே எழாது. சுவிட்சுகளுக்கு நடுவே பைடை எஸ்எஃப்பி (ஒரே இழையில் இரு திசையும் ஓட்டும், சுவிட்சில் செருகும் ஒளிக்கருவி) போட்டாலும் இதே கதை. ஒரு பக்கம் 1310இல் அனுப்பி 1550இல் வாங்கும், மறுபக்கம் நேர்மாறு. கவனிக்காமல் இரு பக்கமும் ஒரே வகையைச் செருகினால் நீங்கள் சொன்ன அதே இருட்டு, ஆனால் குறுக்கே போக இரண்டாம் இழையே இல்லை. 12 இழை ஒரே தலையில் அடங்கும் எம்பிஓ இணைப்பியில் 40 ஜி எஸ்ஆர்4 (பல இழைகளில் பிரித்து அனுப்பும் 40 கிகாபிட் முறை) ஓடும்போது 1 முதல் 4 வரை அனுப்பும், 9 முதல் 12 வரை வாங்கும், நடுவில் நான்கு சும்மா இருக்கும். பி வகைக் கேபிள் 1ஐ 12க்கும் 2ஐ 11க்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதை ஒரு குறுக்கு என்பதா, நான்கு குறுக்கு என்பதா?

மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: இவர் கொடுப்பதை அவர் கொள்ள வேண்டும், அவர் கொடுப்பதை இவர் கொள்ள வேண்டும். சம்பந்திக் குடும்பங்களைக் கொண்டான் கொடுத்தான் என்கிறோமே, அதே உறவு. ஆகவே 'கொள்கொடை'.

* * *

அழகான சொல், ஆனால் வேலையிடத்துக்குச் சரிவராது அம்மா. கொள்வினை கொடுப்பினை என்றதும் யார் யாருக்குப் பெண் கொடுப்பார் என்ற சாதிப் பேச்சு பின்னாலேயே வரும். கொடை என்றால் இன்று நன்கொடைதான். அதிலிருந்து போர்ட்டுக்குப் பெயர் பிரித்தால் 'கொடுமுனை' என்றாகி, கொடுமை ஒட்டிக்கொள்ளும். கருத்தை வைத்துக்கொண்டு வேரை மாற்றுவோம்.

விடு, பெறு என்று வைக்கலாமா என்று யோசித்தேன். 'விடுபெறு' என்று எழுதி எழுத்துப்பிழை இரண்டு விழுந்தால் ஊழியருக்கு வீடுபேறே கிடைத்துவிடும். தரு, பெறு சரியாக நிற்கிறது. டிஎக்ஸ் தருமுனை, ஆர்எக்ஸ் பெறுமுனை, போலாரிட்டி தருபெறு ஒழுங்கு. பேச்சில் 'தருபெறு சரி', 'தருபெறு பிசகு'. தருவாய், பெறுவாய் என்று வாயை ஒட்ட வேண்டாம். சாகும் தருவாயில் சுவிட்ச் என்று கிண்டல் செய்வார்கள்.

* * *

முனைவை வாசலில் விரட்டி, முனையைக் கொல்லை வழியாக விட்டுவிட்டீர்கள் ஐயா! இங்கே நுனி என்ற பொருளில்தான் வருகிறது என்பதால் ஏற்கிறேன். சொல்லை வைத்து எழுதிப் பார்த்தேன்:

"இரு சுவிட்சிலும் 'ஷோ இன்டர்ஃபேஸ் டிரான்ஸீவர்' கட்டளை கொடுத்து எண்களைக் குறித்துக்கொள். இருட்டான பெறுமுனையைச் சில கருவி −40 என்று காட்டும், சில வெறும் கோடு காட்டும். இரு பக்கப் பெறுமுனையும் இருட்டு என்றால் முதல் சந்தேகம் தருபெறு ஒழுங்கு. அடுத்தது பேனலில் வேறு ஜோடியில் செருகியிருப்பது. இரண்டு இழையும் அறுந்திருப்பது கடைசி. ஒரு பக்கம் மட்டும் இருட்டு என்றால் தருபெறு பிசகு அல்ல, அந்த ஒரு இழையில்தான் கோளாறு. திருப்பிப் போட்டு நேரத்தை வீணாக்காதே. இரு நுனியையும் சுவிட்சிலிருந்து கழற்றிவிட்டுச் சிவப்பு ஒளிப் பேனாவால் தேடு.

"இருட்டு இல்லை, மங்கல் என்றால் கணக்குப் போடு. 10 ஜி எல்ஆர் (10 கிகாபிட் ஒளிக்கருவி வகை), ஒற்றைமுறை இழை, 300 மீட்டர். கிலோமீட்டருக்கு 0.4 டெசிபல் வீதம் இழையில் 0.12. பேனல் இணைப்பு இரண்டு, தலா 0.75க்கு மேல் போகக்கூடாது, ஆக 1.5. ஒட்டு இரண்டு, தலா 0.1. மொத்தம் 1.8 அளவு. அந்தப் பக்கத் தருமுனை −2.5 என்றால் இந்தப் பக்கப் பெறுமுனை −4.3க்குக் கீழே போகக்கூடாது. −13 என்று வந்தால் விளக்கு எரியும், ஏனென்றால் எல்ஆரின் அடிவரம்பு −14.4. ஆனால் சிஆர்சி பிழை (தரவு பழுதாகி வந்த எண்ணிக்கை) ஏறக்கூடும். 9 மைக்ரான் உள்ளகத்தின் மேல் தூசி, அல்லது ரேக் கதவில் நசுங்கிய வளைவு. முதலில் துடை, பிறகு பார், பிறகு செருகு."

* * *

நன்றாக வந்திருக்கிறது. மூன்று திருத்தம்.

முதலில், கடைசி வரியைப் 'பார், துடை, மறுபடி பார், செருகு' என்று மாற்றுங்கள். பார்க்காமல் துடைத்தால் மணல் துகளை வைத்துக் கண்ணாடியைத் தேய்த்ததாகிவிடலாம். பார்ப்பது நுண்நோக்கிக் கருவியால், கண்ணால் அல்ல.

இரண்டாவது, 'தருமுனை சரி' என்று சுவிட்ச் சொல்வது லேசரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. எஸ்எஃப்பி வாயில் அழுக்கு அப்பியிருந்தாலும் அந்த எண் மாறாது. நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் ஒளி அளவியை வைத்துப் பாருங்கள். கைத்தொலைபேசிக் கேமராவில் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. 850இல் மங்கலாகத் தெரியலாம், 1310இல் கேமராவுக்கே கண் கிடையாது. இருட்டாகத் தெரிந்ததால் லேசர் செத்துவிட்டது என்று எஸ்எஃப்பியை மாற்ற வேண்டாம். தன் தருமுனையைத் தன் பெறுமுனைக்கே ஒற்றைக் கார்டால் சுற்றிவிட்டுச் சோதிப்பது எல்ஆரில் பாதுகாப்பானது. 80 கிலோமீட்டர் போகும் இசட்ஆர் வகையில் நடுவே ஒளிகுறைப்பி இல்லாமல் சுற்றினால் பெறுமுனை கெட்டுவிடலாம்.

மூன்றாவது, பெயர்ச்சொல் மட்டும் போதாது, வினையும் வேண்டும். எல்சி கிளிப்பைத் திறந்து இரண்டு காலையும் இடம் மாற்றுவதை 'ரோல் பண்ணு' என்கிறார்கள். 'இழை திருப்பு' என்றே வைக்கலாம். 3ஆம் மாடியில் ஒருவர், 12ஆம் மாடியில் ஒருவர், இருவரும் ஒரே நேரத்தில் திருப்பினால் ஒற்றைப்படை வரவே வராது. அரை மணி நேரம் மின்தூக்கியில் ஏறி இறங்கியும் விளக்கு எரியாது.

* * *

அப்படியானால் பேனலில் ஒட்டும் சீட்டில் இரண்டு வரி போதும்:

இழை 1: 3 தரு → 12 பெறு. இழை 2: 12 தரு → 3 பெறு.
திருப்புவது 12இல் மட்டும்.

12 மில்லிமீட்டர் நாடாவில் இரண்டு வரி போட்டால் 'பெறு'வின் றுகரச் சுழி அடி வெட்டுப்பட்டு 'பெற' மாதிரித் தெரிகிறது. 18 மில்லிமீட்டர் நாடா வாங்கச் சொல்லியிருக்கிறேன்.